மூச்சைக் கவனியுங்கள் என்று யார் சொல்லலாம்?

‘மூச்சைக் கவனியுங்கள்’ என்பது மிகச் சிறிய வாக்கியம். அது காசு கேட்பதில்லை, கையொப்பம் கேட்பதில்லை. ஆயினும் அதை இன்னொருவரைப் பார்த்துச் சொல்ல எமக்கு என்ன உரிமை இருக்கிறது என்ற கேள்வி சில காலமாக எம்மை விட்டகலவில்லை. இலக்கங்களோடு சீவிக்கும் கணக்காளராகிய எமக்கு இத்தகைய விசாரம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

இலண்டனில் எமது சங்க மண்டபத்தின் பின்னறையில், சனிக்கிழமை பிற்பகல்களில், போரினாலும் அதன் பின்னர் நேர்ந்தவற்றாலும் மனம் நொந்த எம்மவர் சிலர் கூடுகிறார்கள். இதனைக் குழு உளவளத்துணை என்கிறார்கள். பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் ஒருவர் நடத்துகிறார். அவர் இங்கே பிறந்து வளர்ந்தவர். நல்ல மனம், தட்டுத்தடுமாறும் தமிழ். மொழிக்கு உதவியாகப் போய்ச் சேர்ந்த நாம், அவரிடமே பழகி, கூட்டத்தின் ஆரம்பத்தில் வரும் மூன்று நிமிட மூச்சுப் பயிற்சியை நடத்தும் பொறுப்பையும் ஏற்றோம். கீழே வருவன அங்கே கண்டவையும் கேட்டவையும். சொன்னவர்களின் அனுமதி பெற்று, ஆளை அடையாளம் காணாதபடி சிலவற்றை மாற்றியே எழுதுகிறோம்.

எமது சமயத்தில் இக்கேள்விக்கு விடை எப்போதோ சொல்லப்பட்டுவிட்டது. பிராணாயாமம் சைவ அனுட்டானத்தின் ஓர் அங்கம். தீட்சை பெற்றவர் குருவிடமிருந்து பயில வேண்டியது. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரிக்கையில் இதற்கென ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். பதஞ்சலியின் வரிசையிலோ இயமம், நியமம், ஆசனம் என்ற மூன்று படிகளுக்குப் பின்னர்தான் பிராணாயாமம் வருகிறது. அதாவது கொல்லாமை, பொய்யாமை, களவு செய்யாமை முதலியவற்றில் ஊன்றிய பின்னரே மூச்சில் கை வைக்கலாம். சொல்பவருக்கு ஓர் அதிகாரம், கேட்பவருக்கு ஒரு பக்குவம், இரண்டுக்கும் நடுவே பல ஆண்டுப் பழக்கம். அந்த ஒழுங்கை நினைத்துப் பார்த்தால், ஒரு சில நாட் பயிற்சியோடு பத்துப் பேருக்கு முன்னால் வந்து அமர்வது துணிச்சலான காரியந்தான்.

இங்கே ஒரு சிறு கணக்கு. நிமிடத்திற்கு 15 மூச்சு என்று வைத்து, 60 ஆலும் 24 ஆலும் பெருக்கினால் நாளொன்றுக்கு 21,600 வருகிறது. யோக நூல்கள் சொல்லும் தொகையும் இதுவே. தில்லைப் பொன்னம்பலக் கூரையின் ஓடுகளும் இத்தொகையினவே என்பது மரபு. வளர்ந்தவர் ஒருவர் ஓய்வாக இருக்கையில் நிமிடத்திற்கு 12 முதல் 20 மூச்சு வரை விடுகிறார் என்று இன்றைய வைத்தியர்களும் சொல்கிறார்கள். இருபக்கமும் இப்படிப் பொருந்தி வந்தால் எமக்குக் காரணமில்லாமல் ஒரு சந்தோஷம், தொழிற்புத்தி, பொறுத்துக்கொள்க.

ஆனால் அந்தப் பின்னறையில் நடப்பது பிராணாயாமம் அன்று. பிராணாயாமத்தில் மூச்சை நாம் ஆளுகிறோம். பூரகம், கும்பகம், இரேசகம் என்று உள்ளே இழுத்து, நிறுத்தி, வெளியே விடுகிறோம். இங்கே மூச்சு தன்பாட்டில் போய்வர, அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே வேலை. மனம் எங்காவது அலைந்தால், அலைந்தது என்று கண்டு, அதைக் கோபியாமல் திரும்பி வருவது. பௌத்தர்களின் ஆனாபானசதியிலிருந்து வந்த முறை இது. பாளியில் ‘சதி’ என வழங்கும் சொல்லுக்கு ‘மைன்ட்புல்னஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை 1881 இல் கொடுத்தவர் ரைஸ் டேவிட்ஸ். அவர் பாளி கற்றது இலங்கையில். பிரித்தானிய ஆட்சியின் சிவில் சேவையில் உத்தியோகம் பார்க்க வந்தவர், அபராதங்கள் அறவிட்டது பற்றிய முறைப்பாடுகளில் அகப்பட்டு, உத்தியோகத்தை இழந்து ஊர் திரும்பினார். கணக்குப் பிசகினால் மனிதர்கள் என்னென்ன துறைகளுக்குப் போய்விடுகிறார்கள் பாருங்கள்! நூறு ஆண்டு கழித்து, 1979 இல், ஜோன் கபாட்-சின் என்பவர் அமெரிக்காவில் மசாசுசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில், நாட்பட்ட நோவோடு வந்த நோயாளருக்கு, சமயப் பேச்சில்லாத வகுப்பாக இதைத் தொடங்கினார். எட்டு வார வகுப்பு என்ற வடிவம் அங்கிருந்துதான் பரவியது. 2004 இல் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம், திரும்பத் திரும்ப மனச்சோர்வுக்கு ஆளாவோருக்கு இதன் வழிவந்த சிகிச்சை ஒன்றைப் பரிந்துரைத்தது. இன்று எமது பிள்ளைகளிற் சிலர் பள்ளிக்கூடத்திலேயே இதைப் பழகிவிட்டு வந்து, வீட்டில் எமக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

இலங்கையில் ஓர் ஆங்கிலேயர் கற்றுக்கொண்ட ஒன்று, இப்படி உலகைச் சுற்றி வந்து, இலங்கையிலிருந்து ஓடிவந்த தமிழரின் கையில் கொடுக்கப்படுகிறது. கொடுக்கும்போது அவர்கள் கையை நீட்டுவார்களா என்பதை எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. வன்னியிலிருந்து வந்த அம்மா ஒருவர் நேராகவே கேட்டார்: “இது அவங்கட தியானமெல்லோ தம்பி? காம்பிலை இருக்கேக்கை விடியக்காத்தாலை லவுட்ஸ்பீக்கரிலை பிரித் போடுவாங்கள். நான் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தனான். இப்ப நீங்களும் அதையே செய்யச் சொல்லுறியளோ?”

குழுவில் இருந்த படித்தவர் ஒருவர் இதற்குப் பதில் சொன்னார். பௌத்தம் ஒரு காலத்தில் தமிழருடைய சமயமாகவும் இருந்தது, மணிமேகலை தமிழ்க் காப்பியம், கந்தரோடையிலே பௌத்தச் சின்னங்கள் கிடைத்திருக்கின்றன, மூச்சுக்கு இனமும் மொழியும் இல்லை என்றார். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. அந்த அம்மாவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. காதைப் பொத்திக்கொண்டு கிடந்த ஒருவரிடம், அந்தச் சத்தம் உமது பாட்டனுடையதும்தான் என்று நிரூபிப்பது கல்வியின் வேலையாக இருக்கலாம். ஆற்றுப்படுத்தும் வேலை அன்று. அதே குழுவில் மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கர் ஒருவரும் இருந்தார். அவருக்கு இடைஞ்சல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. கோயில் மண்டபத்தில் முழங்காலில் கை வைத்துக் கண்மூடி இருந்ததை எவரேனும் கண்டு பங்கிலே போய்ச் சொன்னால் என்ன செய்வது என்று தயங்கினார்.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உளமருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், எமது மக்களின் போர் மனவடுக்களைப் பற்றி 1998 இல் நூல் வெளியிட்டவர். மூச்சுப் பயிற்சி, செபம் போன்ற பழகிய வழிகளை அவரவர் சமயத்துக்கும் பண்பாட்டுக்கும் ஏற்பப் பயன்படுத்த வேண்டும் என்பதைத் தமது கட்டுரைகளில் வற்புறுத்தி வந்திருக்கிறார். தனியாளுக்கு இது நல்ல வழி. எல்லாரும் கலந்திருக்கும் குழுவுக்கு ஒரு பொதுவழி வேண்டும் அல்லவா? ஆகவே உளவளத்துணையாளர் அந்த அம்மாவிடமே கேட்டார், இதற்கு என்ன பெயர் வைத்தால் உங்களுக்கு ஒத்துவரும் என்று. அம்மா யோசித்துவிட்டு, “களையாறுறது எண்டு சொல்லுங்கோவன். வெயிலுக்கை நடந்து வந்தால் திண்ணையிலை இருந்து களையாறுறேல்லையே,” என்றார். அன்றிலிருந்து அதுவே பெயர். தியானம் என்ற சொல் இல்லை, சப்பாணி கட்டுவது இல்லை, முத்திரை இல்லை, ஓங்காரமும் இல்லை. கோயில் மண்டபத்தில் ஓங்காரம் இல்லாமலா என்று எமது அங்கத்தவர் சிலர் முகம் சுளித்தார்கள். அதற்குப் பக்கத்திலேயே மூலஸ்தானம் இருக்கிறது என்பதே எமது பதில்.

பெயரை மாற்றினால் அது ஒளிப்பு ஆகாதா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கணக்கறிக்கையின் முகப்பில் எல்லாவற்றையும் எழுத முடியாது. உள்ளே குறிப்புகளில் இருக்க வேண்டும், கேட்பவருக்குக் காட்ட வேண்டும். இது எங்கிருந்து வந்தது என்று எவர் கேட்டாலும், மேலே எழுதிய கதை முழுவதையும் சொல்லுகிறோம். கேட்காதவரின் தலையில் கொண்டுபோய்க் கட்டுவதில்லை.

இவை யாவும் பேசித் தீர்க்கக்கூடிய சங்கடங்கள். இவற்றைவிடப் பாரதூரமான ஒன்று உண்டு.

ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் உயர் ஸ்தானிகர் அலுவலகம் 2015 செப்டெம்பரில் வெளியிட்ட இலங்கை பற்றிய விசாரணை அறிக்கையில், தடுப்பில் இருந்தவர்களின் தலையைப் பெற்றோல் இட்ட பொலித்தீன் பையினால் மூடி மூச்சுத் திணறச் செய்தமை பதிவாகியுள்ளது. சித்திரவதைக்கு உள்ளானோரைப் பராமரிப்பதற்கென 1985 இல் இந்நாட்டில் தொடங்கப்பட்டு, இன்று ‘பிரீடம் ப்ரொம் ரோர்ச்சர்’ எனப் பெயர் கொண்டிருக்கும் அமைப்பின் வைத்தியர்களும் இதையே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பைக்குள் இருந்து வந்த ஒருவரிடம், “கண்களை மூடுங்கள், வேறெதையும் நினையாமல் மூச்சை மட்டும் கவனியுங்கள்” என்று நாம் மெல்லிய குரலில் சொன்னால், அவர் எதைக் கவனிப்பார்? எங்கே போய்ச் சேருவார்?

பையைக் காணாதவர்களுக்கும் மூச்சு ஒரு நிரபராதியான பொருள் அன்று. பதுங்குகுழிக்குள் குழந்தையின் வாயைப் பொத்தியவர்கள் இருக்கிறார்கள். சப்பாத்துச் சத்தம் வேலியைத் தாண்டும்வரை மூச்சடக்கி நின்றவர்கள் இருக்கிறார்கள். ‘மூச்சுக் காட்டாதே’ என்று எமது வழக்கில் சொல்வது, சத்தம் போடாதே, ஒருவருக்கும் தெரியப்படுத்தாதே என்ற பொருளில் அல்லவா? அந்தச் சொல்லுக்குள் வளர்ந்தவர்களுக்கு மூச்சைக் காட்டுவதே ஒரு காலத்தில் உயிராபத்து. மேல்நாட்டுப் பாடப்புத்தகங்கள் மூச்சு எப்போதும் கூட இருக்கும் நங்கூரம் என்று எழுதுகின்றன. எங்களிற் சிலருக்கு அந்த நங்கூரம் இறங்கும் கடல் வேறு. மனவடு உள்ளோருக்கு இப்பயிற்சியைக் கவனமில்லாமல் கொடுத்தால் கேடு விளையும் என்பதைப் பின்னர் அங்குள்ளோரும் கண்டுகொண்டார்கள். டேவிட் ட்ரெலீவன் என்பவர் 2018 இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார்.

ஆதலால் அந்த மூன்று நிமிடங்களை நடத்தும் முறையே ஒழுக்கப் பிரச்சினையாகிவிடுகிறது. கண்ணை மூடுமாறு எவருக்கும் சொல்வதில்லை. நிலத்தையோ கையில் இருக்கும் ஒரு பொருளையோ பார்த்துக்கொண்டிருக்கலாம். எவருடைய முதுகும் கதவுப் பக்கம் இராதபடி கதிரைகளைப் போடுகிறோம்; கதவு சாத்தியிருக்கும், பூட்டியிராது. எத்தனை நிமிடம், என்ன நடக்கும், எப்போது முடியும் என்பவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மூச்சை நிறுத்திப் பிடிக்கும் கும்பகம் அறவே கிடையாது. ‘ஆழமாக இழுங்கோ’ என்பதும் இல்லை. பதற்றத்தில் இருப்பவர் வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, தலை சுற்றி, விரல்கள் விறைத்து, சாகப்போகிறேனோ என்ற பயம் இன்னும் கூடும். வெளிமூச்சைச் சற்று நீளவிடுவதே உதவுகிறது. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பார்த்தால் சிலருக்கு இது விளங்கும்: உள்ளே இழுக்கும்போது அது சற்று விரைகிறது, வெளியே விடும்போது தணிகிறது. எமது ஆச்சிமாருக்கு இதை ஒருவரும் படிப்பிக்கவில்லை. வேலை முடிந்து ‘அப்பாடா’ என்று இருந்தபோதெல்லாம் இதைத்தான் செய்தார்கள்.

சொல்லின் வடிவமும் முக்கியம். ‘இழு, விடு, பிடி’ என்பன ஏவல்கள். ஏவலுக்குப் பயந்து வாழ்ந்தவர்களுக்கு அவை எந்தக் குரலில் கேட்கும் என்பது எமக்குத் தெரியாது. ஆகவே ஏவாமல் சொல்கிறோம்: “மூச்சு உள்ளுக்குப் போகுது. வெளியாலை வருது. அது போறபடி போகட்டும்.” மூச்சு சரிவராதவர் பாதம் நிலத்தில் படுவதைக் கவனிக்கலாம், வெளியே வீதியில் பஸ் போகும் சத்தத்தைக் கேட்கலாம். நடத்துபவர் மட்டும் கண்ணை மூடக்கூடாது, தாமும் ஆழ்ந்து போகக்கூடாது. பத்துப் பேரின் தோளையும் கையையும் முகநிறத்தையும் பார்த்துக்கொண்டிருப்பதே அவர் வேலை. அந்த மூன்று நிமிடத்தில் அவருக்கு மாத்திரம் அமைதி இல்லை. அதிகாரம் என்று ஒன்று இருக்குமாயின், அந்த இழப்பிலிருந்துதான் அது கிடைக்கிறது என்று எமக்குப் படுகிறது.

இவ்வளவு செய்தும் ஒரு முடிச்சு அவிழவில்லை. ‘விருப்பமில்லாவிட்டால் செய்ய வேண்டாம்’ என்று நாம் சொல்கிறோம். எல்லாரும் செய்கிறார்கள். இதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளலாமா?

எம்மவர்களின் ‘ஓம்’ எப்படிப்பட்டது என்பதை நாம் அறிவோம். நாமும் அந்த வரிசைகளில் நின்றவர்களே. சோதனைச் சாவடியில் ஓம். முகாமில் பெயர் பதியும் மேசையில் ஓம். இந்நாட்டின் விமான நிலையத்தில், விளங்காத மொழியில் கேட்ட கேள்விக்கும் ஓம். கையில் கோவை வைத்திருக்கும் எவரும் எமது தலைவிதியை எழுதக்கூடியவர் என்று உடம்பு படித்து வைத்திருக்கிறது. இங்கே நடத்துபவரிடமும் ஒரு கோவை இருக்கிறது. மறுத்தால் அதில் ஏதும் எழுதுவாரோ, சட்டத்தரணிக்குக் கொடுக்கும் கடிதத்தில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று வருமோ என்று ஒருவர் நினைத்தால், அந்தப் பயத்தைப் பேதைமை என்று சொல்ல முடியுமா? மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள். பெண் பார்க்கும் இடத்திலேயே அது நம்பத்தகுந்த நியாயம் அல்ல. அகதியிடத்தில் அறவே அல்ல.

மறுப்பதற்கு அனுமதி கொடுத்தாற் போதாது, மறுப்பதைச் சுலபமாகவும் கௌரவமாகவும் ஆக்கவேண்டும் என்பதே நாம் வந்து சேர்ந்த இடம். எமக்குக் கைகொடுத்தது தேநீர். அறையின் மூலையில் கேத்தலும் கோப்பைகளும் இருக்கின்றன. அந்த மூன்று நிமிட நேரத்தில் தேநீர் போட ஒருவரோ இருவரோ தேவை என்று அறிவித்தோம். களையாறப் பிடிக்காதவர் எழுந்து போய்த் தேநீர் போடுகிறார். எவரும் அவரை மறுத்தவராகப் பார்ப்பதில்லை, விருந்தோம்பியவராகப் பார்க்கிறார்கள். சில கிழமைகளில் நான்கு பேர் தேநீர் போடப் போய்விடுவார்கள். பத்துப் பேரில் நால்வர்! முன்னர் அந்த நால்வரும் எம்முன்னே கண்ணைத் தாழ்த்திக்கொண்டு என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதை அந்த எண்ணிக்கை சொல்லிற்று.

இனி இதைவிடக் கடினமான இடத்துக்கு வருகிறோம். ஒருவரை அமைதிப்படுத்துவது எப்போதும் நல்ல காரியந்தானா?

மகனை 2009 இல் கையளித்துவிட்டு இன்றுவரை தேடும் தாய் ஒருவர் குழுவுக்கு வருகிறார். களையாறலுக்கு அவர் இருப்பதில்லை. தேநீர்ப் பக்கம் நிற்பார். ஒரு நாள் தாமாகவே சொன்னார்: “எனக்கு மனம் ஆறினால், நான் அவனை விட்டிட்டன் எண்டெல்லே அர்த்தம்.” 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் இப்படிப்பட்ட தாய்மார் கொட்டகை போட்டு இருந்தார்கள். ஏனைய ஊர்களிலும் தொடங்கினார்கள். ஆண்டுக் கணக்காக அது நீண்டது. விடை கிடைக்காமலே அவர்களிற் பலர் இறந்தும் போனார்கள். அங்கே போய், வெளிமூச்சைச் சற்று நீளவிடுங்கள் அம்மா என்று எவராவது சொல்வார்களா? சொன்னால் அது ஆறுதலா, அவமதிப்பா?

அமைதியே சைவத்தின் இலட்சியம், பற்றறுப்பதே வழி என்று இச்சங்கத்தில் உள்ள பெரியவர்கள் சொல்லக்கூடும். பற்றை அறுக்க வேண்டியவர் பற்றுக்கொண்டவரே. பிள்ளையைக் கொண்டுபோனவர் பதில் சொல்லாதிருக்க, பெற்றவள் பற்றறுக்கக் கடவள் என்று மூன்றாமவர் தீர்ப்புச் சொல்வதற்குச் சித்தாந்தத்தில் இடமிருப்பதாக எமக்குத் தோன்றவில்லை. அந்தத் தாயின் கொந்தளிப்பு நோய் அன்று. வரவேண்டிய பதில் வரவில்லை என்பதற்கான சாட்சி அது. கணக்காளர் மொழியிற் சொன்னால், ஒருவர் செலுத்தவேண்டிய கடனை, அவர் செலுத்தமாட்டார் என்று தெரிந்ததும், கடன் கொடுத்தவரின் புத்தகத்திலேயே நட்டமாக எழுதிவிடுவது உண்டு. அறவிடமுடியாக் கடன் என்று அதற்குப் பெயர். புத்தகம் அழகாகிவிடும். ஆனால் அப்படி எழுதலாமா என்று தீர்மானிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர்; பக்கத்தில் பேனையோடு நிற்பவர் அல்லர்.

இந்நாட்டிலும் அதே ஆபத்து வேறு உருவத்தில் இருக்கிறது. தஞ்ச விண்ணப்பம் போட்டுவிட்டு மாதங்களாகவும் வருடங்களாகவும் காத்திருப்பவருக்குப் பொதுவாக வேலை செய்ய அனுமதியில்லை. கடிதம் வருகிறதா என்று கதவடிக்கும் சத்தத்துக்கு ஏங்குவார். அந்தப் பதற்றத்துக்கு மருந்து அந்தக் கடிதமே. அதைக் கொடுக்காமல், காத்திருக்கும் நேரத்தில் மூச்சைக் கவனிக்கப் பழக்குங்கள் என்று ஒரு ஏற்பாடு செய்யப்படுமானால், நாமும் அந்த ஏற்பாட்டின் கையாட்களாகிவிடுவோம். பயிற்சி நடத்துவோர் இதை அடிக்கடி தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். மூச்சுப் பயிற்சி சிகிச்சை ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மனவடு நோய்க்கு, அதை நேரடியாக அணுகும் தனியாள் உளச்சிகிச்சைகளையே நைஸ் நிறுவனத்தின் 2018 வழிகாட்டி முன்வைக்கிறது. அவற்றுக்கான காத்திருப்போர் பட்டியலிலும் பெயரைப் பதிவித்துவிட்டே இந்தக் கதிரைகளுக்கு வருமாறு சொல்கிறோம்.

அப்படியாயின் இதை விட்டுவிடலாமே என்று தோன்றும். விடமுடியாதபடி செய்வது இரவு மூன்று மணி. அந்நேரத்தில் சட்டத்தரணி இல்லை, வைத்தியர் இல்லை, தேநீர் ஊற்றவும் ஆளில்லை. வீட்டார் நித்திரை, எழுப்பினால் பிள்ளைகள் பயந்துவிடும். நெஞ்சு அடித்துக்கொண்டு விழித்தவரிடம் அப்போது இருப்பது அவருடைய உடம்பு மாத்திரமே. பாதம் நிலத்தில் இருக்கிறது, வெளிமூச்சு நீளுகிறது, இது இலண்டன், இது என் அறை என்று ஒருவர் தமக்குத் தாமே காட்டிக்கொள்ள முடிந்தால், விடியும்வரை தாக்குப்பிடிக்கலாம். நியாயம் கிடைக்கும்வரை உயிரோடும் புத்தியோடும் இருக்கவேண்டும் அல்லவா? தேநீர்ப் பக்கம் நிற்கும் அந்தத் தாய்கூட இதை மறுக்கவில்லை. வாக்குமூலம் கொடுக்கப் போன நாளில், மகனின் பெயரைச் சொல்லும் இடத்தில் குரல் அடைத்துப்போகாமல் இருப்பதற்காக, முதல் நாள் எம்மிடம் வந்து, “அந்தக் காலை நிலத்திலை ஊண்டுறதை ஒருக்காச் சொல்லித் தாங்கோ தம்பி,” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஆறுவதற்கு அவர் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு சங்கதி. இதற்கு எம்மிடம் விடை கிடையாது. குழுவில் உள்ள நடுவயதுக்காரர் ஒருவருக்குக் களையாறல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. வீட்டிலும் செய்தார். இரவில் தொடர்ந்து நாலைந்து மணித்தியாலம் நித்திரை வரத் தொடங்கிற்று. அதற்குப் பிறகுதான் அவருக்குக் கவலை பிடித்தது. “அண்ணை, எனக்கு நித்திரை வாறதில்லை எண்டு டொக்டர் எழுதின லெற்றர்தான் என்ர கேசிலை கிடக்கு. இப்ப நித்திரை வருது எண்டு தெரிஞ்சால் அவங்கள் என்ன சொல்லுவாங்கள்?”

சட்டத்தரணியிடம் கேட்குமாறு சொன்னோம். கேட்டிருக்கிறார். நடந்ததை நடந்தபடியே சொல்லவேண்டும், ஒருவர் சற்று நித்திரை கொள்கிறார் என்பதால் அவருக்கு நடந்தது நடக்காமற் போய்விடாது என்று அவர் விளக்கியிருக்கிறார். நல்ல பதில். அடுத்த சனிக்கிழமை அதைக் குழுவில் சொல்லிவிட்டு, கதிரையில் அமர்ந்து, பாதத்தை நிலத்தில் ஊன்றிக்கொண்டு அந்த மனிதர் சொன்னார்: “எண்டாலும் தீர்ப்பு வருமட்டும் நான் இதைச் சனிக்கிழமையிலை மட்டும் செய்யிறன். வீட்டிலை வேண்டாம்.” எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். இதை எழுதும்வரை தீர்ப்பு வரவில்லை.